நூலக மேசை: எப்போது கேட்டால் பதில் வரும்?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கருத்துக்கணிப்பின் கேள்விகளைத் திருத்தித் திருத்தி எழுதும் நேரத்தில் பாதியையாவது கல்வியாண்டின் நாட்காட்டியைப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள் என்பது அந்த வரி. அதைப் பிடித்துக்கொண்டு நூலகர்கள், ஆய்வு மாணவர்கள், ஆசிரியர்கள், ஒரு இளங்கலை மாணவி என்று பலரும் எழுதிவிட்டீர்கள். கல்லூரி நூலகத்தில் பல ஆண்டுகள் இந்தப் பொறுப்பைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான். பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் தருகிறேன்.

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் உதவி நூலகர். ஆண்டறிக்கை கொடுக்க வேண்டியிருப்பதால் கடைசி செமஸ்டரின் கடைசி வாரங்களில்தான் மாணவர்களுக்குக் கருத்துக்கணிப்பு அனுப்புகிறோம். பதில் மிகக் குறைவாக வருகிறது. கேள்விகளைக் குறைத்துப் பார்த்தோம், படிவத்தின் வடிவத்தை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. நேரம்தான் காரணமாக இருக்குமா மேடம்? அப்படியானால் எதுதான் சரியான நேரம்?

பதில்: நேரம்தான் காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் அறிக்கைக்கு எப்போது தேவையோ அப்போது கேட்கிறீர்கள். அந்த வாரங்களில் மாணவர்கள் ப்ராஜெக்ட் முடிப்பார்களா, பாடம் படிப்பார்களா, உங்கள் லிங்க்கைத் திறப்பார்களா?

ஒருவர் பதில் சொல்ல இரண்டு விஷயங்கள் வேண்டும். சொல்வதற்கு அவரிடம் ஏதாவது இருக்க வேண்டும், சொல்வதற்கு அவருக்கு நேரமும் இருக்க வேண்டும். செமஸ்டர் தொடங்கும்போது நேரம் இருக்கும், சொல்ல எதுவும் இருக்காது. முடியும்போது சொல்ல நிறைய இருக்கும், நேரம் இருக்காது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடைவெளி சிறியது. அதைப் பிடிப்பதுதான் நம் வேலை.

15, 16 வாரம் ஓடும் ஒரு செமஸ்டரை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று வாரம் வேண்டாம். பாடங்களை மாற்றிக்கொள்கிறவர்கள், தாமதமாகச் சேருகிறவர்கள் என்று உங்கள் மின்னஞ்சல் பட்டியலே அப்போது நிலையாக இருக்காது. முதலாண்டு மாணவர்கள் நூலகத்தின் வாசலைத் தாண்டியிருக்கவே மாட்டார்கள். அவர்களிடம் மின்னிதழ்த் தரவுத்தளங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? நான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள். ஏழு, ஏழு, ஏழு என்று படிவம் முழுக்க இறங்கும். கணக்கில் அது ஒரு பதில். உண்மையில் அந்த மாணவர் நம்மிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

அப்புறம் ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை இடைத்தேர்வுகள் வரும். அதையும் விட்டுவிடுங்கள். தேர்வு முடிந்து மூச்சு விடுகிற அந்த ஒன்பது, பத்து, பதினோராவது வாரம் இருக்கிறதே, அதுதான் என் தேர்வு. ஒரு அசைன்மென்ட்டாவது எழுதி முடித்திருப்பார்கள். புத்தகம் தேடி அலைந்திருப்பார்கள், கிடைத்தும் இருக்கும், கிடைக்காமலும் இருக்கும். கவுன்டரில் யார் முகம் கொடுத்துப் பேசினார்கள், யார் பேசவில்லை என்பது நினைவில் இருக்கும். இறுதித் தேர்வின் அழுத்தம் இன்னும் தொடங்கியிருக்காது. பத்து வாரப் பருவம் நடக்கும் நிறுவனமென்றால் இந்த இடைவெளி ஐந்தாவது, ஆறாவது வாரமாகச் சுருங்கிவிடும். அங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எந்த செமஸ்டர் என்று கேட்டால், இரண்டாவது செமஸ்டரைச் சொல்வேன். முதலாண்டு மாணவர்கள் அதற்குள் ஒரு சுற்று சுற்றி வந்திருப்பார்கள். மாணவர் ஈடுபாட்டை அளக்கும் 'என்எஸ்எஸ்இ' என்ற பெரிய அமெரிக்கக் கணிப்பு 2000-லிருந்து நடக்கிறது. முதலாண்டு மாணவர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும்தான் கேட்கிறார்கள். கேட்பது கல்வியாண்டின் பிற்பாதியில். வந்து இறங்கியதும் கேட்பதில்லை.

சரி, ஆண்டறிக்கை? ஒன்பதாவது வாரத்தில் சேகரித்த பதில் ஆண்டு முடிவில் கெட்டுப்போய்விடாது. அலசிப் பார்க்கவும், முடிந்தால் ஒன்றிரண்டு குறைகளைச் சரிசெய்து அதையும் அறிக்கையில் எழுதவும் உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். கருத்துக்கணிப்புகள் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போவதன் உண்மையான காரணம் வேறு. அனுமதிக் கடிதம் வர நாளாகும். மாணவர் பட்டியலை அலுவலகத்திலிருந்து வாங்க நாளாகும். நாலைந்து மாணவர்களை உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பச்சொல்லிப் பார்க்கவும் நாள் வேண்டும். இதையெல்லாம் செமஸ்டர் தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் பதினான்காவது வாரத்தில்தான் போய் நிற்கும். அனுப்ப வேண்டிய தேதியை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முந்தைய செமஸ்டர் முடிவதற்குள் அனுமதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒரு முறை நேரத்தை மாற்றிவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். கடைசி வாரத்தில் கேட்ட மதிப்பெண்ணையும் ஒன்பதாவது வாரத்தில் கேட்ட மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்து 'நூலகம் முன்னேறிவிட்டது' என்று சொல்ல முடியாது. இந்த ஆண்டு அறிக்கையில் 'கணிப்பு நடந்த காலம் மாற்றப்பட்டுள்ளது, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது இதைக் கருத்தில் கொள்ளவும்' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் கேட்கும்போதுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

கேள்வி: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அனுப்புவது நல்லது? செவ்வாய்க்கிழமை காலை என்று எங்கோ படித்தேன்.

பதில்: செவ்வாய், புதன் காலை என்பது பழக்கத்தில் வந்துவிட்ட ஒரு யோசனை. தவறில்லை. ஆனால் வாரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிழமையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. வெள்ளி மாலையும் நீண்ட விடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டாம். அதற்குமேல் கிழமையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

அதைவிடப் பயனுள்ள ஒரு வேலை சொல்கிறேன். இணையப் படிவத்தில் வந்த பதில்களைப் பதிவிறக்கினால் அட்டவணையின் முதல் பத்தியில் (அதாவது முதல் நெடுவரிசையில்) ஒவ்வொரு பதிலும் வந்த தேதியும் நேரமும் இருக்கும். எல்லோரும் அதை அழித்துவிட்டுத்தான் அலச உட்காருகிறார்கள். அழிக்காதீர்கள். நேரப்படி அடுக்கிப் பாருங்கள். அழைப்பு போன முதல் நாளும் மறுநாளும் ஒரே குவியலாக இருக்கும். மூன்றாம் நாள் வற்றிவிடும். நினைவூட்டல் போன அன்று மறுபடி ஒரு சின்னக் குவியல். பிறகு மறுபடி வறட்சி. எங்கள் பட்டியலில் ஆசிரியர்களின் பதில்கள் காலையில், மேசையில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்க்கும் நேரத்தில் வந்திருந்தன. மாணவர்களின் பதில்கள் வகுப்பு முடிந்த பிறகு தொடங்கி நள்ளிரவு தாண்டியும் வந்துகொண்டிருந்தன, பெரும்பாலும் கைப்பேசியிலிருந்து. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நொடியில் ஒரே அழைப்பை அனுப்புவதில் அர்த்தமில்லை என்பது அந்தப் பத்தியைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. உங்கள் நிறுவனத்தின் பதில் நேரங்கள் வேறு மாதிரி இருக்கலாம். உங்கள் பழைய கோப்பிலேயே விடை இருக்கிறது.

கைப்பேசி என்றதும் இன்னொன்று. ஒரு கேள்விக்கு மூன்று பத்தியில் எண் போடச்சொல்லும் அகலமான அட்டவணை கைப்பேசித் திரையில் நிற்காது. நல்ல வாரத்தில், நல்ல நேரத்தில் லிங்க்கைத் திறந்தவர் அங்கேதான் மூடிவிட்டுப் போவார்.

கேள்வி: நூலக அறிவியலில் ஆய்வு செய்கிறேன். தேர்வு நேரத்தில்தான் எங்கள் நூலகம் நிரம்பி வழிகிறது. அப்போது நேரில் போய்ப் படிவத்தைக் கொடுத்தால் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான பதில் கிடைத்துவிடும். இதில் என்ன தவறு?

பதில்: கிடைக்கும். வாங்கியும் விடுவீர்கள். நேரில் நின்று கொடுத்தால் மறுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் யாரிடமிருந்து, எந்த மனநிலையில் வாங்குகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

'உட்கார்ந்து படிக்கப் போதிய இடம் இருக்கிறதா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேர்வு வாரத்தில் ஒரு மாணவி காலையில் வருகிறாள். மேசை மேலெல்லாம் பையையும் நோட்டையும் வைத்து இடம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று தளம் ஏறி இறங்கிக் கடைசியில் ஜன்னல் விளிம்பில் உட்காருகிறாள். அந்த நேரத்தில் உங்கள் படிவம் அவள் கைக்கு வருகிறது. 'இல்லவே இல்லை' என்று அழுத்திக் கோடு போடுவாள். அதே மாணவியை ஒன்பதாவது வாரத்தில் கேட்டிருந்தால் 'போதும்' என்றிருப்பாள். இரண்டுமே உண்மையான பதில்கள்தான். அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். உங்கள் ஆய்வேட்டில் 'மாணவர்களில் பெரும்பாலோர் இருக்கை போதவில்லை என்கின்றனர்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு எது புரியும்? ஆண்டு முழுக்க இடமில்லை என்றுதான் புரியும்.

அந்த மனநிலை ஒரு கேள்வியோடும் நிற்காது. இடம் கிடைக்காத எரிச்சலில் இருப்பவர், கேட்ட தகவலைத் தேடித்தரும் குறிப்புதவிப் பணி, இணைய வேகம், ஊழியர்களின் பேச்சு எல்லாவற்றுக்கும் ஒரு படி குறைத்தே போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாம்தான் அந்த நேரத்தில் போய்க் கேட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நூலகத்துக்குள் நின்றுகொண்டு கேட்டால் உள்ளே வந்தவர்களின் பதில்தான் வரும். விடுதி அறையிலிருந்தே மின்னிதழ்களைப் படிப்பவர், மாலை வகுப்புக்கு மட்டும் வருபவர், மூன்று ஆண்டும் நூலகப் பக்கம் வராமலே பட்டம் வாங்கப்போகிறவர், இவர்கள் யாரும் உங்கள் குவியலில் இருக்க மாட்டார்கள். நூலகம் மாற வேண்டும் என்றால் முக்கியமாகக் கேட்க வேண்டியது அவர்களை என்பது என் உறுதியான கருத்து.

தேர்வு நேர நெரிசலைப் பற்றித்தான் உங்கள் ஆய்வு என்றால் அப்போதே போங்கள். ஆனால் கேட்பதைவிட எண்ணுவது மேல். மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு தளத்தையும் சுற்றி எத்தனை இருக்கையில் ஆள் இருக்கிறார், எத்தனையில் பை மட்டும் இருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். யாருடைய படிப்பும் கெடாது. கருத்தும் வேண்டுமானால் வெளியே போகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வந்த காரியம் முடிந்ததா, இல்லையா? அது போதும்.

கேள்வி: நான் ஒரு பேராசிரியர். பாடம் பற்றி, விடுதி பற்றி, கணினி மையம் பற்றி, நூலகம் பற்றி என்று செமஸ்டர் முழுக்கப் படிவங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. உங்களைப் போன்றவர்கள் இதை ஏன் நிறுத்தக் கூடாது?

பதில்: ஐயா, உங்கள் அலுப்பு நியாயமானது. ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது. மாணவர்களை அடுத்தடுத்துப் பல கணிப்புகளில் கேட்டால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்த போர்ட்டர் குழுவினரின் கட்டுரை 2004-இல் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக உடனே கேட்கும்போது பதில் குறைகிறது என்பது அதில் தெரிந்தது. ஆகவே நூலகம் மட்டும் நல்ல வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதாது. அதே வாரத்தை வேறு யார் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பாடங்களைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவம் போகும் வாரத்தில் நூலகப் படிவம் போகவே கூடாது. நிறுவனம் முழுமைக்கும் ஒரே கருத்துக்கணிப்பு நாட்காட்டி, யார் எந்த வாரம் யாரைக் கேட்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு பக்கம், இருந்தால் பாதி அலுப்பு குறையும். உங்களைப் போன்ற மூத்தவர்கள் கல்விக்குழுவில் சொன்னால் அது நடக்கும். நூலகர் சொன்னால் நடப்பதைவிடச் சீக்கிரம் நடக்கும்.

எல்லோரையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. 5,000 மாணவர் உள்ள இடத்தில், கூட்டல் கழித்தல் 5 விழுக்காடு பிழையோடும் 95 விழுக்காடு நம்பகத்தோடும் ஒரு முடிவு சொல்ல 357 பதில்கள் போதும், தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்தவர்களாக இருந்தால். 10,000 பேர் என்றாலும் 370-தான். அதனால் பட்டியலை மூன்றாகவோ நான்காகவோ பிரித்து, ஒரு செமஸ்டரில் ஒரு பகுதியை மட்டும் கேட்கலாம். ஒருவருக்கு ஒரு செமஸ்டரில் ஒரு கணிப்பு என்று வரம்பு கட்டலாம்.

ஆசிரியர்களை ஆண்டுதோறும் கேட்க வேண்டியதும் இல்லை. இத்தாக்கா எஸ்+ஆர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2000-இல் தொடங்கிய ஆசிரியர் கணிப்பை மூன்றாண்டுக்கு ஒரு முறைதான் நடத்திவருகிறது. ஆசிரியரின் ஆய்வுப் பழக்கம் ஓராண்டில் தலைகீழாக மாறிவிடுவதில்லை. கேட்கும்போதும் விடைத்தாள் திருத்தும் வாரங்களையும் பாடத்திட்டம் தயாரிக்கும் முதல் வாரத்தையும் விட்டுவிட வேண்டும். வாசகரின் நேரத்தைச் சேமி என்று 1931-இலேயே ரங்கநாதன் நூலக அறிவியலின் நான்காவது விதியாக வைத்தார். புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போது அதை நினைக்கிறோம். படிவம் அனுப்பும்போதும் நினைக்க வேண்டும் என்று எனக்கு வலுவாகவே தோன்றுகிறது.

கேள்வி: குலுக்கல் முறையில் பரிசு அறிவித்தால் பதில் கூடுமா?

பதில்: மாணவர் கணிப்புகளில் குலுக்கல் பரிசு பெரிய மாற்றம் தருவதில்லை. கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பெரிய பரிசைவிட, பதில் கேட்கும்போதே எல்லோருக்கும் தருகிற சின்னப் பொருளுக்குப் பலன் அதிகம் என்பது கணிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. அதற்குப் பணமில்லை என்றால் பரிசை மறந்துவிட்டு நேரத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: எங்கள் நூலகக் கணிப்பில் 14 விழுக்காட்டினர்தான் பதில் தந்தார்கள். இவ்வளவு குறைந்த பதிலை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது என்று எங்கள் குழுவில் ஒருவர் அறிக்கையையே நிறுத்திவிட்டார். அவர் சொல்வது சரியா?

பதில்: அவருடைய கவலை சரி. நிறுத்தியது அவசரம்.

1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அந்தக் குவியலை எண்ணி லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-இல் ஜெயித்தார். அனுப்பிய பட்டியலே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, திருப்பி அனுப்பியவர்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். இத்தனை லட்சம் பதில் இருந்தும் என்ன பயன்?

இதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். பின்னாளில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தலைவராக இருந்த ராபர்ட் குரோவ்ஸ், பல கணிப்புகளைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தார். பதில் விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு முடிவு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் அவர் கண்டது. நான் முன்னே சொன்ன என்எஸ்எஸ்இ தரவுகளை வைத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. அழைப்பு போன பட்டியல் போதுமானதாக, குறைந்தது 500 மாணவர் என்ற அளவில் இருந்தால், 5 முதல் 10 விழுக்காடு பதிலிலும் நம்பத்தக்க மதிப்பீடு கிடைக்கக்கூடும் என்று அது காட்டியது.

ஆகவே 14 என்ற எண்ணை வைத்துச் சண்டை போடாமல், அந்த 14 விழுக்காட்டினர் யார் என்று பாருங்கள். ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் உங்கள் நிறுவனத்தின் கணக்கை எழுதுங்கள். இளங்கலை எத்தனை விழுக்காடு, முதுகலை எத்தனை, ஆய்வு மாணவர் எத்தனை, அறிவியல் எத்தனை, கலை எத்தனை, பெண்கள் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் பதில் தந்தவர்களின் கணக்கு. இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போனால் நிம்மதியாக அறிக்கை எழுதலாம். இறுதியாண்டு மாணவர் இடப்பக்கம் 30 ஆகவும் வலப்பக்கம் 8 ஆகவும் இருந்தால் அப்போதுதான் பிரச்சினை. அப்படி ஒரு ஓட்டை தெரிந்தால் அந்த வாரம் அவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். வேலைவாய்ப்பு நேர்காணலா, களப்பயிற்சியா, ப்ராஜெக்ட் சமர்ப்பிப்பா? பெரும்பாலும் விடை நாட்காட்டியில்தான் இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. முதல் அழைப்புக்கே பதில் தந்தவர்களையும் கடைசி நினைவூட்டலுக்குப் பிறகு தந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்து மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். கடைசியில் வந்தவர்கள், வராமலே போனவர்களோடு கொஞ்சம் ஒத்திருப்பார்கள் என்ற அனுமானத்தில் செய்வது இது. முழு நிரூபணம் ஆகாது, ஆனாலும் இரண்டு கூட்டமும் ஒன்றுபோலப் பேசினால் உங்கள் குழுவில் இருப்பவரிடம் காட்ட ஒரு நல்ல ஆதாரம்.

கேள்வி: எத்தனை முறை நினைவூட்டலாம்? எத்தனை நாள் திறந்துவைக்கலாம்? ஒரு மாதம் வைத்தால் கூடுதலாக வருமே?

பதில்: ஒரு மாதம் வேண்டாம். நாள் கூடினால் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம்தான் கூடும். நான் சொன்ன மூன்று வார இடைவெளியில் இரண்டு வாரம், அதிகம் போனால் இரண்டரை வாரம். பல முறை தொடர்புகொள்வதுதான் பதிலைக் கூட்டும் என்பதைக் கணிப்பு முறைகளை ஆராய்ந்த டான் டில்மன் என்ற அமெரிக்கர் 1978-லிருந்தே சொல்லிவருகிறார். ஒவ்வொரு தொடர்பும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். அதை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

எனக்குப் பிடித்த வரிசை இது. இரண்டு நாள் முன்பு, மாணவர்களுக்குத் தெரிந்த ஒருவர் பெயரில் 'இப்படி ஒன்று வரும்' என்று ஒரு சின்ன அறிவிப்பு. பிறகு அழைப்பு. மூன்று, நான்கு நாள் கழித்து, குவியல் வற்றியதும், முதல் நினைவூட்டல். அடுத்த வாரம் இன்னொன்று, வேறு நேரத்தில், வேறு வரியோடு. முடிவதற்கு முந்தின நாள் 'நாளை மூடுகிறோம்' என்று கடைசியாக ஒன்று. அவ்வளவுதான்.

ஏற்கெனவே பதில் தந்தவருக்கு நினைவூட்டல் போகக் கூடாது. ஆளுக்கொரு லிங்க் இருந்தால் இது எளிது, ஆனால் அப்போது 'பெயர் தெரியாது' என்று எழுதாதீர்கள். 'யார் பதில் தந்தார்கள் என்பது நினைவூட்டலுக்கு மட்டும் பயன்படும், பதிலோடு பெயரைச் சேர்த்து யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று உள்ளதை எழுதுங்கள், அப்படியே நடந்தும் கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே லிங்க் என்றால் நினைவூட்டலின் முதல் வரியே 'பதில் தந்துவிட்டவர்களுக்கு நன்றி, நீங்கள் இதைப் படிக்க வேண்டாம்' என்று இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். லிப்குவால் என்ற பெயரில் 2000-இல் தொடங்கிப் பல நாட்டு நூலகங்கள் நடத்திய கணிப்பில் 22 மையக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் எதிர்பார்ப்பது, விரும்புவது, கிடைப்பது என்று மூன்று எண். ஆக 66 எண் போட வேண்டியிருந்தது. இது நீளம் என்பதால்தான் பின்னாளில் ஒருவருக்கு 8 மையக் கேள்விகள் மட்டும் போகும்படி ஒரு சுருக்க வடிவம் கொண்டுவந்தார்கள். கேள்விகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவதால் எல்லாக் கேள்விக்கும் பதில் சேர்ந்துவிடும். நீங்களே தயாரிக்கும் படிவத்திலும் இதைச் செய்யலாம்.

கேள்வி: பகுதிநேர மாணவர்களையும் ஆய்வு மாணவர்களையும் இதே வாரத்தில் கேட்கலாமா?

பதில்: ஆய்வு மாணவர்களுக்கு செமஸ்டர் கணக்கு பெரிதாக இல்லை. இளங்கலை மாணவர்கள் விடுமுறையில் போன பிறகு நூலகத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அப்போது கேட்டால் பொறுமையாக, நீளமாக எழுதுவார்கள். பகுதிநேர மாணவர்களுக்கு வார இறுதியில் அழைப்பு போகட்டும். வார நாட்களில் அவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள்.

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு மாணவி. போன ஆண்டு நூலகக் கணிப்பில் பொறுமையாக உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஆண்டும் அதே படிவம் வந்திருக்கிறது. ஏன் நிரப்ப வேண்டும்?

பதில்: உன் கேள்வியை நூலகர்கள் எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டும் அம்மா. கணிப்பு அனுப்பும் வாரத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். முடிவைச் சொல்லும் வாரத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நீதான் கேட்டிருக்கிறாய்.

ஒன்பதாவது வாரத்தில் கேட்டுப் பதினோராவது வாரத்தில் மூடினால், அந்த செமஸ்டர் முடிவதற்குள் முதல் தகவலைச் சொல்ல முடியும். முழு அறிக்கை தேவையில்லை. நூலக வாசலிலும் மாணவர் குழுக்களிலும் நாலே வரி போதும். இத்தனை பேர் பதில் தந்தீர்கள், அதிகம் சொன்னது இது, இதை உடனே மாற்றுகிறோம், இதை இப்போது மாற்ற முடியாது, காரணம் இது. அந்தக் கடைசி வரியைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள். 'இரவு முழுக்கத் திறந்துவைக்க ஆட்கள் போதவில்லை, தேர்வு வாரங்களில் மட்டும் முயல்கிறோம்' என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால்தான் உன்னைப் போல அடுத்த முறை படிவத்தை மூடிவிடுகிறார்கள்.

உன் கையில் இருக்கும் படிவத்தைப் பற்றி: கருத்து எழுதும் பெட்டி ஒன்று கடைசியில் இருக்கும். எண் போடும் கேள்விகளில் உனக்குத் தெரிந்ததற்கு மட்டும் போடு, தெரியாததைக் காலியாக விடு. அந்தப் பெட்டியில் இப்போது எனக்கு எழுதியதை அப்படியே எழுது. அதை நூலகர் கட்டாயம் படிப்பார். படிவங்களில் நான் முதலில் திறந்து பார்த்தது எப்போதும் அந்தப் பெட்டியைத்தான்.